மொதலாளி கொரல்ல சொன்ன சம்பளம்

இப்ப பின்னால இருந்து "ரைட்ட்ட்... போலாம்"னு ஒரு சத்தம் வந்துச்சுல்லீங்க, அது கண்டக்டர் இல்லீங்க. நாந்தான். அந்தாளு இன்னும் கீழ நின்னு டீக்கடக்காரர்கிட்ட சில்லறைக்கு மல்லுக்கட்டிட்டு இருக்கறாரு, டிரைவர் வண்டிய எடுத்துட்டாரு. அங்க பாருங்க, ஓடியாறாரு. பாவமுங்க. வேணும்னு பண்ணுல. வாயி அதுபாட்டுக்கு வந்துருது. நீங்க சொல்லிப் போடாதீங்க.

தாராபுரந்தானுங்களே நீங்களும்? அப்ப ஒன்னேகால் மணி நேரம் இருக்குது.

மடியில இருக்கறதுங்களா? லோனு பேப்பருங்க. ஊடு வாங்கற லோனு. கெடச்சுதான்னு கேக்காதீங்க. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு நாயம் புரியும். தப்பு ஆரு பேர்லன்னு கடசில நீங்களே சொல்லுங்க.

எம்பேரு சென்னியப்பன். திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். துணிய அடுக்கா விரிச்சுப் போட்டு, அளவு வெச்சு வெட்டிக் குடுக்கறது. பத்தொம்பது வருசமா ஒரே கம்பெனி, ஒரே மொதலாளி. அர்த்தநாரின்னு பேரு. பெரிய கம்பெனி இல்லீங்க, முப்பது பேரு. ஆனா அவரு பேச்சு இருக்குது பாருங்க... நில்லுங்க, பண்ணியே காட்டறேன். மொதல்ல வாயில இருக்கற பாக்க இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளுவாரு. அப்பறம் ஒரு இருமலு. "க்க்ஹும்... அட அதுங்களா... ஆர்டரே இல்லியேப்பா..." ஆர்டர் குமிஞ்சு கெடக்கும், லாரி வாசல்ல நிக்கும், அப்பவும் "ஆர்டரே இல்லியேப்பா"தான். கம்பெனில அம்புட்டுப் பேரும் டீ டைம்ல என்னைச் சுத்தி உக்காந்துக்குவாங்க. "மாஸ்டர், மொதலாளி பண்ணுங்க, மாஸ்டர்." ஒருக்கா நான் அப்படிப் பேசறதக் கேட்டு மொதலாளியோட டிரைவரே கார எடுத்துட்டு வந்து நின்னுட்டான். அத்தன சுத்தம்.

கோயில் நோம்பில பலகொரல் பண்ணக் கூப்புடுவாங்க. மேடைல ஏறுனா ரயிலு, ஆடு, கலியாணச் சண்ட, எல்லாம் வரும். ஆனா மொதலாளி கொரலு மாதிரி ஒன்னும் அமையிலீங்க.

சரி, ஊட்டு விசயத்துக்கு வாறேன்.

நாங்க இருக்கறது லைன் ஊடு. எட்டுக் குடும்பம், ரெண்டு கக்கூசு. என்ற ஊட்டுக்காரி சுலோச்சனா பதினாறு வருசமா காலைல அஞ்சு மணிக்குப் பக்கெட்டோட வரிசைல நிக்கறா. அவளும் பனியன் கம்பெனிக்குத்தான் போறா, செக்கிங் வேல. இந்த மாசி மாசம் கோயில்வழிக்கு அந்தண்ட ஒரு ஊடு வெலைக்கு வருதுன்னு சொன்னாங்க. ரெண்டு ரூமு. பத்தொம்பது லட்சம். போயிப் பாத்தம். நான் சொவரத் தட்டிப் பாத்துட்டு இருக்கறேன், இவ நேரா உள்ள போயி கக்கூஸ் கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுட்டா. சத்தமே இல்ல. அஞ்சு நிமிசம் ஆச்சு. "ஏனம்மிணி, என்ன பண்ற?"ன்னேன். "ஒன்னும் பண்ணுல. சும்மா நிக்கறேன். ஆரும் கதவத் தட்டுல பாருங்க"ன்னா.

அன்னைக்கே முடிவாயிருச்சுங்க. அந்த ஊட்டுச் சொந்தக்காரரு தாராபுரத்துல இருக்கறாரு, பெரியநாயகம் அய்யா, ரிட்டயர்டு சர்வேயரு. சுலோ அஞ்சு வருசமாக் கட்டுன சீட்டப் புடிச்சு ரெண்டு லட்சம் அட்வான்சு குடுத்தம். அறுபது நாள் கெடு. அறுபது நாளைக்குள்ள மீதிய வெச்சு பத்திரம் முடிக்கோணும். முடிக்கிலீன்னா அட்வான்சு போச்சு. அக்ரிமென்டுல அப்படித்தான் எழுதியிருக்குது. சர்வேயரில்லீங்களா, அளந்து எழுதியிருக்கறாரு.

இன்னைக்கு அம்பத்தெட்டாவது நாளு.

இந்தாங்க கண்டக்டரே, தாராபுரம் ஒன்னு. ...மொறச்சுட்டுப் போறாரு பாத்தீங்களா? கண்டுபுடிச்சுட்டாரு போல.

நகைய வெச்சு ரெண்டு லட்சம் பொரட்டுனாலும், பதினஞ்சு லட்சம் லோனு வேணும். ஊட்டுக்கடன் குடுக்கற கம்பெனி ஒன்னுக்குப் போனனுங்க. ஏசி. அங்க ஹேமலதான்னு ஒரு மேடம். நல்ல மேடந்தான், குத்தஞ் சொல்லக்கூடாது. என்ன, வாயத் தொறந்தா என்ன வருமானம், என்ன வருமானம்னே கேக்குது.

"மாசச் சம்பளம் எவ்வளவுங்க?"

"மாசமெல்லாம் இல்லீங்க மேடம். திருப்பூர்ல சனிக்கெழம சம்பளம். வாரம் ஏழாயிரம். கையில."

"பேங்க்ல போட மாட்டாங்களா?"

"கவர்ல போடுவாங்க."

அது சிரிக்கவே இல்லீங்க. "பிஎஃப் பிடிக்கறாங்களா? வருமான வரி கட்டியிருக்கீங்களா?" ரெண்டும் இல்ல. "ஓவர்டைம்?" இருக்குதுன்னேன். அதப் பாதித்தான் எடுப்பாங்களாம், அதுக்கும் சீட்டு வேணுமாம். தீபாவளி போனசு? வருசத்துக்கு ஒருக்கா வாறத பன்னண்டால வகுத்துக்குவாங்களாம், ரெண்டு வருசம் வந்ததுக்கு ஆதாரம் இருந்தா. ஆதாரம் என்னங்க, போன வருச போனசு சுலோ காதுல கெடக்குது, வந்து பாக்கச் சொல்லுங்கன்னேன். அதுக்கும் சிரிக்கலே.

"வாடகை வருமானம் உண்டா?"

"வாடகை குடுக்கறனுங்க."

"அது செலவு சார்."

"வேற ஏதாச்சும்? விவசாயம்?"னு அதுவே கேட்டுச்சு.

ரெண்டு ஆடு வளக்கறா சுலோ. அதச் சொன்னேன். மேடம் பேனாவ வெச்சுட்டு என்னையே பாத்துச்சு. நோம்பில மேடை ஏறறதச் சொன்னேன், ஒரு மேடைக்கு ரெண்டாயிரம். "அது உங்க பொழுதுபோக்கு"ன்னு சொல்லிருச்சு. எனக்கு அதுதாங்க வெசனமாப் போச்சு. ஏழாயிரத்த இல்லீன்னு சொல்லு, பரவால்ல. ஆட்ட இல்லீன்னு சொல்லு. கலையப் போயி...

கடசில மேடமே ஒரு வழி சொல்லுச்சு. கையில வாங்கற சம்பளத்தையும் அவங்க எடுத்துக்குவாங்களாம். மொதலாளி லெட்டர் பேடுல மாசம் இவ்வளவு குடுக்கறேன்னு எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுத் தரோணும். அப்பறம் சென்னை ஆபீஸ்ல இருந்து மொதலாளிக்குப் போன் பண்ணிக் கேப்பாங்க. அவரு ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சுது. சுலோ சம்பளத்தையும் அதே மாதிரி சேத்துக்கலாம், ஆனா மொதல்ல உங்களுது முடியட்டும்னுச்சு.

ஊட்டுக்கு வந்து சொன்னேன். சுலோ சொன்னா, "நாளைக்கே மொதலாளிகிட்டக் கேட்டுருங்க."

நான் சிரிச்சுட்டேன். "நீ அந்தாளப் பாத்ததில்ல. நான் கேட்டா என்ன சொல்லுவாரு தெரியுமா? க்க்ஹும்... அட அதுங்களா... எழுதிக் குடுத்தா நாளைக்கு வரிக்காரன் எங்கழுத்தப் புடிப்பானேப்பா... உனக்கு ஊடெதுக்குப்பா, கம்பெனிலயே படுத்துக்க, கரண்டு ஃப்ரீ..."

"அது நீங்க சொல்றது. அவரு என்ன சொல்றாருன்னு ஒருக்காக் கேளுங்க."

"ரெண்டும் ஒன்னுதான்"னேன். பத்தொம்பது வருசமுங்க. ஒரு மனுசன் எந்த எடத்துல இருமுவாருங்கறது வரைக்கும் எனக்குத் தெரியும். அவரு மனசு தெரியாதா?

அதனால கேக்குல.

லெட்டர் பேடு என்ற கட்டிங் டேபிள் டிராயர்லயேதாங்க கெடக்கும். சீலும் அதுக்குள்ளதான். துணி வெளிய போற சலான்ல நாந்தான குத்தறது. ஒரு படிச்ச பையங்கிட்ட இங்கிலீசுல எழுதி வாங்குனேன், மாசம் முப்பதாயிரம்னு. வாரம் ஏழாயிரம், ஓவர்டைம் சேத்தா முப்பதுக்கு மேல தாங்க வரும். ஒரு ரூவா கூடப் போடுல. அத்தனையும் நெசம். கையெழுத்து மட்டுந்தான் நான் போட்டது. மொதலாளி நம்பர்னு என்னோட ரெண்டாவது சிம்மு நம்பர எழுதிக் குடுத்தேன்.

அப்படிப் பாக்காதீங்க. நெசத்தத்தானங்க சொல்லப் போறேன். ஆரு வாயால சொன்னா என்ன?

ஒரு செவ்வாக்கெழம, பதினொரு மணி டீ டைமு. ரெண்டாவது சிம்மு அடிக்குது. துணி ரோலு அடுக்கி வெச்சிருக்கற எடத்துக்குப் பின்னால ஓடுனேன். நம்மாளுக ரெண்டு பேரு டீ கிளாசோட பின்னாலயே வந்துட்டானுங்க, வேடிக்கை பாக்க. பாக்கு ஒன்னு வாயில போட்டுக்கிட்டேன். பாக்கு இல்லாம அந்தக் கொரலு வராது.

"வணக்கம், அர்த்தநாரி சாருங்களா?" பொம்பளப் புள்ள. நல்ல கொரலு.

"க்க்ஹும்... ஆருங்க?"

"சென்னியப்பன்னு ஒருத்தர் உங்ககிட்ட வேலை செய்யறாரா சார்?"

ஆமாங்கன்னு சொல்லிருக்கோணும். அவ்வளவுதான். ஒரே வார்த்த. ஆனா மொதலாளி அப்படிச் சொல்லுவாரா? சொல்லவே மாட்டாரு. பாக்க எந்தக் கன்னத்துக்குத் தள்ளுனனோ, வாயில இருந்து வருது: "செய்யறேன்னு அவஞ் சொல்லிக்கறான்..."

அந்தப் புள்ள சிரிச்சுருச்சுங்க.

அதுதான் என்ற கெரகம். சிரிக்காம இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன். மேடைல நிக்கறவனுக்கு மொத சிரிப்பு கேட்டுருச்சுன்னு வையிங்க, அப்பறம் அவன் கையில ஒன்னுமில்ல. பின்னால ரெண்டு பேரு வாயப் பொத்திக்கிட்டுக் குலுங்கறானுங்க.

"எத்தனை வருஷமா சார் இருக்காரு?"

"பத்தொம்பதும்பான். லீவு போட்டதக் கழிச்சா பதினாலு வரும்."

"மாசம் முப்பதாயிரம் சம்பளம்னு போட்டிருக்கு, சரிங்களா?"

முப்பதாயிரம்! அந்த நம்பரக் காதுல கேட்டதும் எனக்கு நெஞ்சு பக்குன்னுச்சுங்க. நெசமாலுமே. நாந்தான் வாங்கறேன், எனக்குத் தெரியும், ஆனா அந்த நிமிசம் நான் குடுக்கறவனா இருக்கறேன். "முப்பதா! அம்மிணி, அத்தன நான் குடுத்தா, கம்பெனிய அவன் நடத்தட்டும், நான் போயி துணி வெட்டறேன்!"

"லெட்டர்ல உங்க சீல் இருக்கே சார்?"

"சீலு டேபிள் மேல கெடக்குது. போற வாறவனெல்லாம் குத்தறான்."

"அவரு பெர்மனென்ட் தானே சார்?"

"பெர்மனென்டா? இந்தூர்ல நூலு வெலையே பெர்மனென்ட் இல்ல, அம்மிணி. ஆர்டரே இல்லியே..."

போன வெச்சேன். பின்னால ரெண்டு பேரும் கை தட்டறானுங்க. "மாஸ்டர், இது மாதிரி நீங்க பண்ணுனதே இல்ல மாஸ்டர்!" நெசந்தானுங்க. இருமல் எங்க விழுகோணுமோ அங்க விழுந்துச்சு. ஒரு சொல்லு எச்சா இல்ல, கம்மி இல்ல. நான் டீயக் குடிச்சுட்டு மறுக்கா துணி வெட்டப் போயிட்டேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும், கத்தி ஓடிட்டிருக்குது, அப்பத்தான் கையி நின்னுச்சு. அடப்பாவி, லோனுக்கல்ல பேசுனம்னு.

நாலு நாள்ல மேடம் கூப்புட்டு விட்டுருச்சு. "சார், உங்க ஓனர் உங்களப் பத்தி இவ்வளவு மோசமாச் சொல்லியிருக்காரே. லெட்டர்ல இருக்கற சீல யாரு வேணா குத்தலாம்ங்கறாரு. இதுக்கு மேல நான் ஒன்னும் பண்ண முடியாது." நான் என்னன்னு சொல்றது? அவரு சொல்லுலீங்க, நாந்தான்னு சொன்னா போலீசு. அவருதான்னு சொன்னா லோன் இல்ல. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

சுலோகிட்ட மறைக்க முடியுல. சொல்லும்போதே பண்ணியும் காட்டிட்டேன், அதுதான் தப்பாப் போச்சு. அவ சிரிக்கவே இல்லீங்க. பாத்திரத்தக் கழுவிட்டு இருந்தவ அப்படியே திரும்பி, "அவராட்டவே பேசத் தெரியுது. அவருகிட்ட ஒரு வார்த்த பேசத் தெரியல"ன்னா. என்ன பண்றதுங்க, அவளுக்கு இதுல நுணுக்கம் தெரியாது.

மறுநா நாயித்துக்கெழம. எங்க போறன்னு சொல்லாம சேலை மாத்திக்கிட்டுப் போனா. மொதலாளி ஊட்டுக்கே போயிட்டாளுங்க! போனுல நான் பேசுனதச் சொல்லுல. ஊடு, லோனு, அட்வான்சு, கெடு, அத மட்டும் சொல்லியிருக்கறா. ஒரு மணி நேரத்துல திரும்பி வந்தா. "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அவரே லோன் ஆபீசுக்கு வாறாராம். உங்கள வரச் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"காப்பி குடுத்தாங்க. 'இத ஏம்மா சென்னியப்பன் எங்கிட்டக் கேக்குல?'ன்னாரு."

"இருமுனாரா?"

அவ பக்கெட்டத் தூக்கிட்டு வெளிய போயிட்டா.

திங்கக்கெழம வந்தாருங்க. வெள்ளச் சட்ட, கையில புது லெட்டரு, அவரே கைப்பட எழுதுனது. மேடத்துக்கு எதுக்க உக்காந்துக்கிட்டு, பாக்கில்லாத வாயோட சொல்றாரு, "சென்னியப்பன் எனக்கு வலது கையிங்க மேடம். முப்பதாயிரங்கறது கம்மி. போனசு சேத்தா முப்பத்தி ரெண்டு வரும். கேட்டிருந்தா போன வருசமே பேங்க்ல போட்டு விட்டிருப்பேன். நான் இருக்கற வரைக்கும் அவனுக்கு வேல இருக்குது."

எனக்கு ஒன்னுமே புரியுலீங்க. ஆரு பேசறதுன்னே தெரியல. அவரு மாதிரியே இல்ல. "ஆர்டரே இல்ல"ன்னு ஒருக்காக் கூடச் சொல்லுல. நான் பக்கத்துல உக்காந்துட்டு நெனைக்கறேன், இந்தாளு சொதப்பறாரே, அவரு இப்படிப் பேச மாட்டாரேன்னு.

மேடம் லெட்டரப் படிச்சுது. கண்ணாடியக் கழட்டுச்சு. "அப்பறம் ஏன் சார் போன்ல அப்படிப் பேசுனீங்க?"

"எந்தப் போன்ல?"

மேடம் கம்ப்யூட்டரத் திருப்பி வெச்சு ஒரு பட்டனத் தட்டுச்சு. க்க்ஹும்... ஆருங்க?

முழுசும் ஓடுச்சுங்க. ரெண்டு நிமிசம் பத்து செகண்டு. செய்யறேன்னு அவஞ் சொல்லிக்கறான். லீவு போட்டதக் கழிச்சா. முப்பதா, அம்மிணி. அந்த ரூமுல ஏசி சத்தமும் என்ற கொரலுந்தான். என்ற கொரலுன்னா, அவரு கொரலு. நான் மேசை மேல இருந்த பேனா ஸ்டாண்டையே பாத்துட்டிருக்கறேன். மொதலாளி கம்ப்யூட்டர்கிட்டக் காதக் குடுத்துக் கேட்டாரு. முடிஞ்சதுக்கப்பறம் என்னைத் திரும்பி ஒரு பார்வ பாத்தாரு. கோவமெல்லாம் இல்ல. கோவமா இருந்தா எனக்குத் தெரியும், மூக்கு செவக்கும். இது வேற என்னமோ.

அப்பறம் மேடத்தப் பாத்துச் சொன்னாரு. "ஆமாங்க. நாந்தான் பேசுனேன். அன்னைக்கு ஏதோ கோவம்."

பாத்தீங்களா! அவரே ஒத்துக்கிட்டாருங்க! அவரு வாயாலயே! அவரு கொரலுதான்னு அவரே சொல்லிட்டாரு. இத்தன நோம்பி மேடை ஏறியிருக்கறேன், இப்படி ஒரு சர்டிபிகேட்டு எவனாச்சும் குடுத்திருப்பானா?

ஆனா மேடம் என்ன சொல்லுச்சுன்னா, "சார், செவ்வாக்கெழம ஒன்னு சொல்லிட்டு திங்கக்கெழம ஒன்னு சொன்னா சென்னைல ஒத்துக்க மாட்டாங்க. இந்த ஃபைலு முடிஞ்சு போச்சு. ஆறு மாசம் சம்பளத்த பேங்க்ல போடுங்க. அப்பறம் புதுசா வரட்டும்." மொதலாளி, அப்ப நான் பேசுனதுதான் தப்பு, எம்பேர்ல எழுதிக்குங்கன்னு எத்தனையோ சொன்னாரு. முடியாதுன்னுருச்சு. அவரு பேசுல, நாந்தான் பேசுனேன்னு நான் சொன்னா சம்பளம் நெசமாயிரும், ஆனா நான் கள்ளனாயிருவேன். சொல்லாட்டி நான் நல்லவன், சம்பளம் பொய். எந்தப் பக்கம் பொரண்டு படுத்தாலும் முள்ளு எனக்குத்தானுங்க.

வெளிய வந்து காரத் தொறந்தாரு. தொறந்துட்டு ஏறாம நின்னு கேட்டாரு, "சென்னியப்பா, நான் அப்படித்தான் பேசறனா?"

என்னன்னு சொல்றது? கலைஞன்னா உண்மையச் சொல்லோணுமில்ல. "அந்த லீவு கழிக்கறது மட்டும் நான் கொஞ்சம் எச்சாப் போட்டதுங்க"ன்னேன்.

தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. அந்த வாரத்துல இருந்து என்ற சம்பளம் பேங்க்ல விழுகுது. ஆனா பாருங்க, அன்னையிலிருந்து மனுசன் கம்பெனில வாயே தொறக்கறதில்ல. வேணுங்கறதக் கைய நீட்டிக் காட்டறாரு, போயிர்றாரு. பாக்கும் போடறதில்ல. டீ டைம்ல பசங்க பண்ணுங்க மாஸ்டருங்கறானுங்க. ஆளு பேசுனாத்தான நான் பண்றதுக்கு? என்னாச்சுன்னே தெரியல. ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்குமோ என்னமோ.

குண்டடம் வந்துருச்சுங்களா? அப்ப இன்னும் சித்த நேரந்தான்.

ஆறு மாசத்துல லோன் கெடைக்கும். ஆனா கெடு நாளான்னைக்கோட முடியுது. அதுக்குத்தாங்க போறேன், பெரியநாயகம் அய்யா கால்ல விழுந்து ஆறு மாசம் தவண கேக்க. சங்கடம் என்னன்னா, போன வாரம் அவரு போன் பண்ணுனப்ப லோன் பாசாயிருச்சு, செக்கு வந்துட்டே இருக்குதுன்னு சொல்லி வெச்சுட்டேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியுல. சுலோ வேற பக்கத்துல நின்னா.

ஐயய்யோ. அடிக்குது பாருங்க. அவருதான். பேரு வருது பாருங்க, பெரியநாயகம் அய்யா.

ஏனுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். நீங்க ஆபீசராட்டவே இருக்கறீங்க. கொரலும் கனமா இருக்குது. இத வாங்கி, 'லோன் ஆபீஸ்ல இருந்து பேசறேன், சென்னியப்பனுக்குக் கண்டிப்பா லோன் குடுக்கறம், கொஞ்சம் லேட் ஆகுது, அவ்வளவுதான்'னு ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க. என்னால முடியாதுங்க. காலைல இருந்து ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில நின்னு பண்ணிப் பாத்துட்டேன், வரவே மாட்டேங்குது. எனக்கு லோன் குடுக்கறேன்னு ஒரு ஆபீசர் சொல்லி நான் கேட்டதே இல்லியே. காதுல விழுகாத கொரல எப்படிங்க பண்றது?

மாட்டீங்களா?

சரிங்க. தப்பில்லீங்க. நீங்க எதுக்கு...

நிக்கவே மாட்டேங்குதே. எடுக்காட்டியும் தப்பு.

அலோ. அய்யா... வணக்கமுங்க. நாந்தானுங்க, சென்னியப்பன். ...சென்னியப்பனுங்க, கோயில்வழி ஊடு. ...பஸ்ல வந்துட்டிருக்கறனுங்க. ...இல்லீங்கய்யா, செக்கு கொண்டு வருல. ...செக்கு இல்லீங்க. நான் பொய் சொல்லிட்டனுங்க. ...இல்லீங்க, வேற ஆரும் பேசுலீங்க, நானேதான். ...ஒரு மாதிரியா இருக்குதுங்களா? இல்லீங்கய்யா. தண்ணியெல்லாம் போடுலீங்க. இதுதானுங்க என்ற கொரலு.